நூற்றுக்கு எட்டரை

(தொடர் வரலாறு: ஒன்பதாம் அத்தியாயம்)

சென்ற அத்தியாயத்தின் முடிவில், 1975-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு, சர்க்காரின் சக்திக்கு மீறிய வாக்குறுதியைக் காங்கிரஸ் கொடுக்கிறது என்ற தம் மனக்குறையையும் மறைக்காமல் வெளியிட்டுக்கொண்டே, ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் கல்வியளிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதைக் கண்டோம். கால வரிசைப்படி பார்த்தால் அடுத்ததாக 1977-ஆம் வருஷத்தில் ஊனமுற்றோர் நடத்திய சான் பிரான்சிஸ்கோ முற்றுகையைப் பற்றியும், 1982-ல் ரீகன் ஆட்சி இந்தச் சட்டத்தின் விதிகளைத் தளர்த்த முயன்றபோது பெற்றோர்கள் திரண்டெழுந்து அதைத் தடுத்து நிறுத்தியதைப் பற்றியும் எழுதவேண்டும். ஆனால் அவை இரண்டும் பகிரங்கமாக நடந்த போராட்டங்கள். எதிரி யார், அவர் கேட்பது என்ன என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது. அவற்றைப் பின்னால் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்த அத்தியாயத்தில் முப்பது வருஷங்களை ஒரே எட்டில் தாண்டி, வாசகர்களை டெக்ஸாஸ் ராஜ்யத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே போராட்டம் எதுவும் நடக்கவில்லை. சட்டத்தின் ஓர் எழுத்தையும் யாரும் திருத்தவில்லை. சபையில் யாரும் எழுந்து பேசவுமில்லை. கணக்கேட்டில் ஓர் எண்ணை எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷங்களுக்கு மேலாக, லட்சக்கணக்கான குழந்தைகளுக்கும் அவர்களுக்கு உரிய படிப்புக்கும் நடுவே அந்த எண் நின்றது.

அந்த எண்ணின் அநியாயம் விளங்கவேண்டுமானால், முதலில் சட்டம் என்ன கட்டளையிட்டது என்பதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1975-ல் காங்கிரஸ் கண்டறிந்தபடி, ஐக்கிய அமெரிக்காவில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு குறையோடு இருந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்ற கல்வி கிடைக்கவில்லை. 10 லட்சம் பேர் பொதுப்பள்ளியின் வாசற்படியையே மிதித்ததில்லை. ஆகவே, பள்ளிக்கூடம் கேட்டு வருகிறவருக்குக் கொடுத்தால் போதாது, தன் எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குழந்தையையும் தானே தேடிச் சென்று, குறை உள்ளதா என்று பரிசோதித்து, உள்ளதானால் அந்தக் குழந்தை ஒன்றுக்கென்றே தனியாக ஒரு கல்வித் திட்டம் வகுத்து, பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல் அதை நிறைவேற்ற வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. தேடிக் கண்டுபிடித்தல் என்னும் இந்தக் கடமைதான் சட்டத்தின் உயிர்நாடி. 1990-ல் சட்டத்தின் பெயர் மாறியது. அதன் பிறகும் பலமுறை திருத்தங்கள் வந்தன. இந்தக் கடமையை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

எத்தனை குழந்தைகள் வரை என்ற வரம்பு அந்தக் கடமைக்குக் கிடையாது. ஆனால் பணத்துக்கு ஒரு வரம்பு இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு ராஜ்யத்தின் பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வாஷிங்டன் மானியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாது என்று 1975-ஆம் வருஷத்துச் சட்டமே எழுதியிருந்தது. அதிகப்படிச் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கைத் தான் ஏற்பதாகவும் வாஷிங்டன் சொல்லிற்று. பெரும்பாலான வருஷங்களில் அந்த நாற்பதில் பாதியைக்கூட அது கொடுத்ததில்லை. கடமையை முழுதாகச் சுமத்தி, பணத்தை அரைகுறையாக அளந்த இந்த ஏற்பாட்டில், பின்னால் வந்த எல்லாக் கோளாறுகளுக்கும் வித்து இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

டெக்ஸாஸ் இந்தச் சட்டத்துக்குப் புதிய ராஜ்யமல்ல. முதுகெலும்புக் குறையோடு பிறந்த ஒரு சிறு பெண்ணுக்குச் சில மணி நேரத்துக்கொருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் இறக்கும் சின்ன உதவியைப் பள்ளி செய்யவேண்டுமா, வேண்டாமா என்று எழுந்த டாட்ரோ வழக்கு இந்த ராஜ்யத்தின் இர்விங் நகரத்தில் தோன்றியதுதான். அது வைத்தியம் அல்ல, கல்வி பெறுவதற்குத் துணையான சேவை. ஆகையால் பள்ளி செய்தே தீரவேண்டும் என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்கும் வழிகாட்டிய தீர்ப்பு டெக்ஸாஸ் மண்ணிலிருந்து பிறந்தது. இருபது வருஷங்கள் கழித்து அதே மண்ணில்தான் எட்டரை என்னும் எண்ணும் பிறந்தது.

2003, 2004-ஆம் வருஷங்களில் டெக்ஸாஸின் பொக்கிஷ நிலை மோசமாயிருந்தது. தலைநகரமான ஆஸ்டினிலிருந்து பள்ளிகளை மேற்பார்வையிடும் டெக்ஸாஸ் கல்வி ஏஜென்ஸி, 110 கோடி டாலர் வெட்டைச் சமாளிக்கவேண்டிய நிலையில் இருந்தது. அந்தச் சமயத்தில், பள்ளி ஜில்லாக்களைக் கண்காணிப்பதற்கென்று ஒரு புதிய மதிப்பெண் முறையை அது ஏற்படுத்தியது. நேரில் போய் வகுப்பறையைப் பார்ப்பதற்குப் பதிலாக, ஜில்லாக்கள் அனுப்பும் புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே தராதரம் நிர்ணயிக்கும் முறை அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜில்லாக்கள் கொண்ட ஒரு ராஜ்யத்தில் இப்படிப்பட்ட சிக்கனம் இயல்பானதுதான். அளவுகோல்கள் பல, அவற்றில் ஒன்று, மொத்த மாணவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள் என்பது. எட்டரையோ அதற்குக் கீழோ இருந்தால் மிகச் சிறந்த மதிப்பெண். அதற்கு மேல் போகப்போக மதிப்பெண் கெட்டுக்கொண்டே வரும். மிகவும் கெட்டால் தணிக்கை வரும், திருத்தத் திட்டம் எழுதித் தரவேண்டும், மேலதிகாரிகளின் பார்வை விழும்.

அப்பொழுது டெக்ஸாஸில் சிறப்புக் கல்வி பெற்றுவந்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். தேசம் முழுவதற்குமான சராசரி பதின்மூன்றை ஒட்டியிருந்தது. அப்படியிருக்க, எட்டரை எங்கிருந்து வந்தது? எந்த வைத்தியரின் ஆராய்ச்சியிலிருந்து, எந்த ஊரின் குடிக்கணக்கிலிருந்து? பின்னாளில் இதைத் துருவிய பத்திரிகைக்கு ஒரு சில அதிகாரிகளின் தீர்மானம் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. சட்டசபையில் அது விவாதிக்கப்படவுமில்லை, பெற்றோருக்கு அறிவிக்கப்படவுமில்லை. குழந்தைகளிடையே காதுகேளாமையும் ஆட்டிசமும் வலிப்பும் எழுத்து மயக்கமும் (டிஸ்லெக்ஸியா) நூற்றுக்கு இத்தனைதான் இருக்கலாம் என்று இயற்கைக்கே உத்தரவு போட்டதுபோல் அந்த எண் கணக்கேட்டில் ஏறியது.

ஏஜென்ஸியின் அதிகாரிகள் கடைசிவரையில் சொல்லிவந்த ஒரு வாதத்தை நேர்மையாக எடுத்து வைக்கவேண்டும். இது உச்சவரம்பு அல்ல, வெறும் குறிகாட்டி என்றார்கள் அவர்கள். அதற்குப் பின்னால் ஒரு நியாயமும் இல்லாமலில்லை. சிறப்புக் கல்வி என்ற பெயரில், தேவையில்லாத குழந்தைகளையும் தனி அறையில் ஒதுக்கித் தள்ளும் கொடுமை அமெரிக்காவில் நெடுநாளாக உண்டு. கறுப்பினக் குழந்தைகளை அறிவுத்திறன் பரீட்சை வைத்து மந்தபுத்தி வகுப்புகளில் அடைத்த கலிபோர்னியாவின் வழக்கத்தைக் கண்டித்து, 1979-ல் லாரி பி. வழக்கில் நீதிமன்றம் அந்தப் பரீட்சையையே விலக்கியது. தலைக்கு இத்தனை டாலர் என்று மானியம் கணக்கிட்டால் பள்ளிகள் தலைகளைப் பெருக்கிக் காட்டும் என்ற அச்சத்தால்தான், 1997-ல் காங்கிரஸ் மானிய முறையையும் மாற்றியது. எனவே, அளவுக்கு மீறி முத்திரை குத்துகிறார்களா என்று பார்ப்பது கண்காணிப்பின் கடமைகளில் ஒன்றுதான். ஆனால் அளவுக்கு மீறுவதை மட்டும் குற்றமாக எண்ணி, அளவுக்குக் குறைவதைத் திறமையாகப் பாராட்டுகின்ற தராசு எப்படிப்பட்டது? ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு அது. நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் கண்டுபிடித்த ஜில்லாவை, மற்றவர்கள் எங்கே என்று கேட்பதற்கு அந்த முறையில் இடமே இல்லை. மிகச் சிறந்த மதிப்பெண்ணே அதற்குக் கிடைத்தது.

இனி அந்த எண் ஆஸ்டினிலிருந்து புறப்பட்டு வகுப்பறைக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பார்ப்போம். வரலாற்று நூல்களில் இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சட்டவிரோதமான உத்தரவு ஒன்றும் தேவைப்படவில்லை; எட்டரைக்கு மேல் ஒரு பிள்ளையையும் சேர்க்காதே என்று எந்தத் தலைமையாசிரியரும் எழுதி வைத்ததாகத் தேடவேண்டியதில்லை. மேலிடம் மதிப்பெண் போடுகிறது. ஜில்லா அதிகாரி தம் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார். அவருடைய கவலை ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியர்களுக்குப் பரவுகிறது. அவர்கள், பரிசோதனைக்குப் பரிந்துரைப்பதற்கு முன் எல்லா வழிகளையும் பார்த்துவிட்டீர்களா என்று உபாத்தியாயர்களைக் கேட்கிறார்கள். இப்படியே படிப்படியாக இறங்கி, கடைசியில் அது தாயாரின் காதில் விழும்பொழுது, மிகவும் மரியாதையான, மிகவும் நயமான ஒரு வார்த்தையாக மாறியிருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே அம்மா, என்பதே அந்த வார்த்தை.

பொறுத்துப் பார்ப்பதற்கு முறைகள் பல இருந்தன. பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பொது வகுப்பிலேயே படிப்படியாகக் கூடுதல் உதவி அளித்துப் பார்க்கும் ஒரு முறை அமெரிக்கப் பள்ளிகளில் உண்டு, நல்ல முறைதான். ஆனால் அது முடிந்த பிறகுதான் பரிசோதனை என்று சொல்லி, ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று பிள்ளைகளை அதிலேயே நிறுத்தி வைத்தார்கள். 1973-ஆம் வருஷத்து மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு என்ற மற்றொரு பாதுகாப்பு உண்டு. அதன்படி பரீட்சையில் கூடுதல் நேரம், முன் வரிசையில் இடம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் தனிக் கல்வித் திட்டமும், அதைச் சார்ந்த வலுவான உரிமைகளும் கிடையா. எழுத்து மயக்கமுள்ள குழந்தைகளுக்கென்று டெக்ஸாஸ் தனியே நடத்திவந்த திட்டம் ஒன்றும் இருந்தது. சிறப்புக் கல்விக்கு உரியவர்களாக இருக்கக்கூடிய குழந்தைகளை, அதற்குரிய பரிசோதனையே செய்யாமல், இந்த மூன்று வாய்க்கால்களிலும் திருப்பிவிட்டார்கள். எதில் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் குழந்தை எட்டரைக் கணக்கில் ஏறாது.

டெக்ஸாஸ் பள்ளிகளில் சிறப்புக் கல்வியைப் பற்றி முடிவெடுக்கும் குழுவுக்குச் சேர்த்தல், மீளாய்வு, விடுவித்தல் என்ற மூன்று சொற்களையும் கோத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெற்றோர்கள் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்ட் கூட்டம் என்பார்கள். பெற்றோர் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர். அவர் சம்மதம் கேட்கப்படும். ஜில்லா மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்லவேண்டும். அந்தக் காரணத்தை எதிர்த்து விசாரணைக்குப் போகலாம். விசாரணை முடியும்வரை குழந்தையை இருந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. 1975-ஆம் வருஷத்துச் சட்டத்தை இயற்றியவர்கள் சர்க்காரை மட்டும் நம்பாமல், பெற்றோர் ஒவ்வொருவரையும் ஒரு காவல்காரராக நியமித்து வைத்தார்கள். ஆனால் இத்தனை பாதுகாப்புகளும் பரிந்துரை ஒன்று எழுந்த பின்னரே விழித்துக்கொள்ளும். பரிந்துரையே எழாதபடி, பொறுத்துப் பாருங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டால், மறுப்பு என்ற கடிதமும் இல்லை, எதிர்த்துப் போகக் காரணமும் இல்லை. இல்லை என்று சொல்லாமலே இல்லையாக்கிவிடும் வித்தை அது. விவரமறிந்த, வக்கீல் வைத்துக்கொள்ளக்கூடிய பெற்றோர் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசி, இரண்டு வேலை பார்த்து, பள்ளியின் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்ட பெற்றோரின் பிள்ளைகள்தாம் சிக்கிக்கொண்டார்கள்.

கணக்கு மட்டும் சொன்னபடி கேட்டது. 2003-04-க்கும் 2016-17-க்கும் இடையே டெக்ஸாஸ் பள்ளிகளின் மொத்த மாணவர் தொகை ஏறக்குறைய 10 லட்சம் கூடியிருக்க, சிறப்புக் கல்வி பெறுவோர் தொகை சுமார் 32,000 குறைந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்த விகிதம் இறங்கி இறங்கி, 2015-ஆம் வருஷ வாக்கில், குறிபார்த்து எய்த அம்பைப்போல் எட்டரையிலேயே வந்து நின்றது. ஐம்பது ராஜ்யங்களிலும் அதுவே மிகக் குறைந்த விகிதம்.

இங்கேதான் வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: வாஷிங்டன் என்ன செய்துகொண்டிருந்தது? நியாயமான கேள்வி. ஒவ்வொரு ராஜ்யமும் தான் எத்தனை குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வி அளிக்கிறது என்று வருஷந்தோறும் மத்தியக் கல்வி இலாகாவுக்குக் கணக்கு அனுப்பவேண்டும், அனுப்பியது, அந்தக் கணக்கை இலாகா அச்சிட்டும் வந்தது. ஒளித்துவைத்த ரகசியம் ஒன்றுமில்லை. அட்டவணையில் ஒரு வரி, வருஷத்துக்கு வருஷம் சரிந்துகொண்டே போனது. எந்த ராஜ்யமும் இந்தச் சட்டத்தை முழுமையாக அனுசரிக்கவில்லை, மத்திய சர்க்காரின் அமலாக்கமும் திருப்திகரமாக இல்லை என்று தேசிய ஊனமுற்றோர் கவுன்சில் 2000-ஆம் வருஷத்திலேயே அறிக்கை எழுதி எச்சரித்திருந்தது. அதற்குப் பிறகும் மேற்பார்வை என்பது பெரும்பாலும் காகிதங்களைச் சரிபார்ப்பதாகவே இருந்தது. 2014-ல் இலாகா தன் முறையை மாற்றிக்கொண்டு, விதிகளைவிட விளைவுகளை, அதாவது குழந்தைகளின் பரீட்சைத் தேர்ச்சியை, முக்கியமாகக் கவனிக்கப்போவதாக அறிவித்தது. கேட்பதற்கு இனிமையான கொள்கைதான். ஆனால் சிறப்புக் கல்விக்குள் நுழையவே விடப்படாத குழந்தை, சிறப்புக் கல்வியின் விளைவுகளில் எங்கே தென்படும்?

அட்டவணையைப் படித்துக் கேள்வி கேட்டது இலாகா அல்ல, ஒரு நாளிதழ். 2016-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 'ஹூஸ்டன் கிரானிக்கிள்' பத்திரிகையில் பிரையன் ரோஸந்தால் என்ற நிருபர் எழுதிய தொடர் கட்டுரை வெளிவரத் தொடங்கியது. எட்டரை என்னும் எண்ணையும், அது பிறந்த கதையையும், அதனால் வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகளின் நிலையையும் அது ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டியது. தேசிய சராசரிப்படி டெக்ஸாஸ் சேவை செய்திருந்தால் இன்னும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறப்புக் கல்வி பெற்றிருப்பார்கள் என்று அந்தப் பத்திரிகை கணக்கிட்டது. மறுவருஷத்துப் புலிட்சர் பரிசின் பொதுச்சேவைப் பிரிவில் அந்தக் கட்டுரைகள் இறுதிச் சுற்று வரை வந்தன.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. அக்டோபர் மாதத்திலேயே வாஷிங்டன் டெக்ஸாஸை விளக்கம் கேட்டது. நவம்பரில் ஏஜென்ஸி பதில் எழுதியது: எண் வெறும் குறிகாட்டியே, குழந்தைகள் மறுக்கப்பட்டதற்கு ஆதாரமில்லை, நல்ல போதனையினால்தான் விகிதம் குறைந்தது. வாஷிங்டன் அந்தப் பதிலோடு திருப்தியடையவில்லை. டிசம்பரில் மத்திய அதிகாரிகள் டெக்ஸாஸின் பல நகரங்களில் பொதுக்கூட்டம் போட்டுப் பெற்றோர்களின் குறைகளைக் கேட்டார்கள். 2017-ன் தொடக்கத்தில் பன்னிரண்டு பள்ளி ஜில்லாக்களுக்கு நேரில் சென்று, கோப்புகளைப் புரட்டி, உபாத்தியாயர்களை விசாரித்தார்கள். தூரத்திலிருந்து எண்களைப் பார்த்த வருஷங்களில் புலப்படாதது, நேரில் போய் நான்கு பேரிடம் பேசிய சில நாட்களில் புலப்பட்டுவிட்டது.

இந்த விசாரணையில் நான் மிகவும் மதிக்கிற அம்சம் ஒன்று உண்டு. விளக்கம் கேட்ட கடிதம் ஒபாமா ஆட்சியின் கடைசி மாதங்களில் போனது. பள்ளிகளை நேரில் பார்த்தது டிரம்ப் ஆட்சி தொடங்கிச் சில வாரங்களுக்குள். முடிவு எழுதப்பட்டது அந்த ஆட்சியின் முதல் வருஷம் முடியும் தறுவாயில். கட்சி மாறியது, மந்திரி மாறினார், விசாரணை மாறவில்லை. இலாகாவுக்குள் அமர்ந்து, பெயர் தெரியாமல், சட்டத்தின் விதிகளை விரல்நுனியில் வைத்துக்கொண்டு உழைத்த உத்தியோகஸ்தர்கள் மாறாமல் இருந்ததே அதற்குக் காரணம். 2018-ஆம் வருஷம் ஜனவரி 11-ந் தேதியிட்ட கடிதத்தில் அவர்கள் கண்ட முடிவு வெளியாயிற்று. குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையில் டெக்ஸாஸ் தவறியது. உரிய இலவசக் கல்வியை அளிக்கத் தவறியது. ஜில்லாக்களை முறையாக மேற்பார்வையிடவும் தவறியது. எட்டரைக்குக் கீழே இறக்கவேண்டும் என்ற நோக்கத்துடனேயே சில ஜில்லாக்கள் நடவடிக்கை எடுத்தன என்பதும் அந்தக் கடிதத்தில் இருந்தது. குறிகாட்டி என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

கடிதம் வந்ததும் கவர்னர் கிரெக் அபாட் செய்த முதல் காரியம், ஏழு நாட்களுக்குள் திருத்தத் திட்டத்தின் முதல் நகலைக் கொடுக்கும்படி கல்விக் கமிஷனர் மைக் மொராத்துக்கு உத்தரவிட்டதும், பல பள்ளி ஜில்லாக்கள் கடமை தவறிவிட்டன என்று குற்றம் சாட்டியதும்தான். பன்னிரண்டு வருஷங்கள் மதிப்பெண் போட்டுக் குறைக்கச் சொன்னவர்கள், குறைத்தவர்களைப் பார்த்து ஏன் குறைத்தீர்கள் என்று கேட்ட விந்தையை எண்ணி, ஜில்லா அதிகாரிகள் சிரித்தார்களோ அழுதார்களோ! எண் மட்டும் அதற்கு முன்பே போய்விட்டது. செனட்டர் ஹோஸே ரொட்ரிகெஸ் கொண்டுவந்த மசோதா 2017-ல் சட்டமாகி, இனி இப்படிப்பட்ட விகித வரம்பு எதையும் கண்காணிப்பு முறையில் வைக்கக் கூடாது என்று தடை செய்தது.

இடையிலே மற்றொரு வழக்கும் நடந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறப்புக் கல்விக்கு ஒரு ராஜ்யம் முந்திய வருஷம் ஒதுக்கிய தொகைக்குக் குறைவாக மறுவருஷம் ஒதுக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். 2012-ல் டெக்ஸாஸ் 3 கோடியே 33 லட்சம் டாலர் குறைத்து ஒதுக்கியது. குழந்தைகளின் தேவையே குறைந்துவிட்டது, ஆகையால்தான் குறைத்தோம் என்று அது வாதாடியது. குழந்தைகளைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டுப் பிறகு தேவை இல்லை என்று சொல்வதன் சாமர்த்தியத்தை வாசகர்களே எடை போட்டுக்கொள்ளலாம். 2018 நவம்பரில் ஐந்தாம் வட்டார அப்பீல் கோர்ட் டெக்ஸாஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எண்ணை நீக்கிய பின் விகிதம் தானாக ஏறத் தொடங்கியது. 2021-22-ல் பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதாவது, குழந்தைகள் எங்கும் போய்விடவில்லை; எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதிக்கவும், இழந்த படிப்புக்கு ஈடாகக் கூடுதல் சேவை அளிக்கவும் வாஷிங்டன் கட்டளையிட்டிருந்தது. பரிசோதகர்கள் போதாமல் பல இடங்களில் வரிசை நீண்டது. 2004-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஐந்து வயதில் கிண்டர்கார்டன் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, ஒரு வகுப்பிலும் தங்காமல் போயிருந்தால், 2017-ன் கோடைக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். அந்தக் குழந்தையின் பள்ளி வாழ்வு ஏறக்குறைய முழுவதும் எட்டரையின் ஆட்சிக்குள்ளேயே கழிந்தது. அதற்கு ஈடு கட்டுவது எப்படி என்று திருத்தத் திட்டத்தை எழுதியவர்களுக்கும் விளங்கியிருக்காது.

இவ்வளவு விரிவாக இந்தக் கதையைச் சொன்னதற்குக் காரணம், 2025-ல் நடந்தவை. மார்ச் மாதத்தில் மத்தியக் கல்வி இலாகாவின் ஊழியர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அந்த மாதம் 20-ந் தேதி, இலாகாவை மூடுவதற்கு வழி செய்யும்படி ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார். அந்த ஆட்குறைப்பு தொடரலாம் என்று ஜூலை 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. 504-ஆம் பிரிவின் கீழ் வரும் புகார்களை விசாரிக்கும் சிவில் உரிமை அலுவலகத்தின் பன்னிரண்டு வட்டாரக் கிளைகளில் ஏழு மூடப்பட்டன. டெக்ஸாஸைக் கவனித்துவந்த டல்லாஸ் கிளை அவற்றில் ஒன்று. அக்டோபரில், சர்க்கார் பணமின்றி முடங்கிக் கிடந்த நாட்களில், சிறப்புக் கல்விச் சட்டத்தை மேற்பார்வையிடும் அலுவலகத்தின் ஊழியர்களில் அநேகமாக எல்லோருக்கும், அதாவது 2018-ஆம் வருஷத்துக் கடிதத்தை எழுதிய அதே அலுவலகத்தாருக்கு, வேலைநீக்க நோட்டீஸ் போனது. நவம்பரில் முடக்கத்தை நீக்கிய சட்டம் அந்த நோட்டீஸ்களை நிறுத்தி வைத்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. எட்டரை பிறந்தபோதும் அதற்காக ஒரு வரியும் மாறவில்லை.

டெக்ஸாஸ் கல்விச் சட்டத்தின் 29-ஆம் அத்தியாயத்தில் ஒரு சிறு விதி இருக்கிறது. தம் குழந்தையைப் பரிசோதிக்கும்படி பெற்றோர் வாய்வார்த்தையாக அல்லாமல் எழுத்தில் கேட்டால், அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள், பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டோ, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் காட்டியோ, ஜில்லா பதில் கொடுத்தாக வேண்டும். ஜில்லா மறுத்தால், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் விசாரணைக்குப் போகலாம். டல்லாஸ் கிளை மூடப்பட்ட பின்னும் அந்த விதி அமலில் இருக்கிறது.

(அடுத்த அத்தியாயம்: சான் பிரான்சிஸ்கோ, ஏப்ரல் 1977)